பின் சீட்டுக்கு ஓர் ஆள்

நாவலூர்
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஹஃபீசா அக்கா,

காகிதத்தில் கடிதம் எழுதுவது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என்ன செய்வது, என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். கிளாஸ் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டீர்கள். ஸ்ரீவத்சன் போனிலிருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டு அதையும் பிளாக் செய்துவிட்டீர்கள். பாவம், என் கணவர் உங்களுக்கு என்ன செய்தார்? அதனால் ஜான்சி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் சிறுசேரி ஆபீசிலிருந்து தினமும் சிட்லபாக்கம் வருகிறவள் அவள்தான். என்னை முதல் நாள் தன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து உங்களிடம் கூட்டிவந்தவளும் அவள்தான். அவளையாவது வாசலில் வைத்துத் திட்டாதீர்கள்.

ஸ்கூட்டர் கிளாஸையே நிறுத்திவிட்டீர்களாமே. ஏன் அக்கா? கூட்டம் வராதபோது நிறுத்தினால் புரியும். கூட்டம் வரும்போது யாராவது கடையை மூடுவார்களா? கிளாஸுக்கென்று நெட்டில் நான் ஆரம்பித்த பக்கத்தில் கொடுத்த நம்பர் என் போனில்தான் இருக்கிறது, அது அடங்க மாட்டேன் என்கிறது. மீட்டிங்கில் உட்கார்ந்தால் மடியில் கிடந்து துடிக்கிறது. “எனக்கு சைக்கிளே தெரியாது, பரவால்லயா மேடம்?” “புர்கா போட்டுக்கிட்டு ஓட்டலாமா?” “பொண்ணுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து சொல்லித் தருவீங்களா?” பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை கேட்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் என்று இரண்டு பழைய ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு ஏரி ஓரத்து மைதானத்தில் நீங்கள் நடத்தியது இப்போது தாம்பரம் முழுக்கத் தெரிகிறது. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? டீச்சர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார் என்றா?

அந்தப் பக்கத்தில் நான் போட்ட வீடியோவில் அப்படி என்ன இருக்கிறது? வேதா மாமி முதல்முறையாக யாரும் பிடிக்காமல் ஒரு சுற்று சுற்றி வந்து, காலை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறார்: “கல்யாணம் ஆன நாளா பின்னாடி உக்காந்துண்டு இவர் முதுகையே பாத்துண்டு வந்திருக்கேன். இப்பதான் ரோடுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியறது!” அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இல்லை. பார்த்தவர்கள் தங்கள் அம்மாவுக்கு அனுப்பினார்கள், அம்மாக்கள் தங்கள் தங்கைகளுக்கு அனுப்பினார்கள். காசு கொடுத்து விளம்பரம் செய்தாலும் இப்படிப் பரவாது. நான் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிறவள், விளம்பரக்காரி இல்லை. ஆனாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் கத்தியவுடன் எடுத்துவிட்டேன். அதற்குள் வேறு பக்கங்கள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டன, பின்னால் சிரிப்புச் சத்தமெல்லாம் சேர்த்து. அது என் கையில் இல்லை. மாமி என் போனை எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. யாராவது ஒருத்தர் என்னிடம் பேசுங்கள்.

பிரியா

சிட்லபாக்கம்
6 ஆகஸ்ட், புதன்

பிரியா,

ஜான்சி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். திட்டவில்லை, டீ கொடுத்தேன். நீ வந்திருந்தால் டீ கிடைத்திருக்காது.

பெருமையாக இருந்ததா? இங்கே வந்து பார். காலையில் ஏரியைச் சுற்றி நடக்க வருகிற ஆம்பளைகள் இப்போது நடப்பதில்லை. மைதானத்து ஓரம் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். “அந்த மாமி எங்க, இன்னிக்கு வரலையா?” என்று என்னிடமே கேட்கிறார்கள். கன்னியம்மா தெரியும் இல்லையா, பூக்கடைக்கு வண்டியிலேயே போகவேண்டும் என்று ஆசை ஆசையாக வந்தவள், ஓடுகிற வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். “இன்னாக்கா, என்னைய சினிமா புடிக்கறானுங்கோ. எங்க வூட்டுக்காரரு பாத்தா என்னா ஆவறது?” என்றாள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் வாக்கிங் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். இதை உனக்கா சொல்லித் தர வேண்டும்? நீயே உன் மாமியாரிடம் யோகா கிளாஸ் என்று சொல்லித்தானே வந்தாய்?

இனி பத்ரி சார் விஷயம். மாமியின் வீட்டுக்காரர். ரிட்டையர் ஆனதிலிருந்து தெருவில் யாருக்கு பேங்க் வேலை, கரண்ட் பில் வேலை என்றாலும் முன்னால் நிற்கிற மனுஷன். மாமியை ஒரு நாளும் பஸ்ஸுக்கு நிற்க விட்டதில்லை. கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, எங்கே போனாலும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, காத்திருந்து கூட்டிவருவார். இப்போது அவர் பால் வாங்கப் போனால் “முதுகு சார் வர்றார், வழி விடுங்க” என்கிறார்கள். அவர் வரிசையில் நிற்பதைப் பின்னாலிருந்து படம் எடுத்து அப்பார்ட்மெண்ட் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். மாமி கிளாசுக்கு வருவதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறார்.

நான் ஒரு போர்டுகூட வைத்தது கிடையாது. நோட்டீஸ் அடித்தது கிடையாது. என் கிளாசுக்கு இருந்தது ஒரே ஒரு விதி. கற்று முடித்தவள், அடுத்து கற்கப்போகிறவளைத் தன் பின் சீட்டில் வைத்துக் கூட்டிவர வேண்டும். வாயால் ஆயிரம் சொல்லலாம், கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தன்னைப் போல ஒருத்தி ஓட்ட, தான் பின்னால் உட்கார்ந்து வந்தால்தான் “இவளே ஓட்றா, நமக்கென்ன” என்று தோன்றும். அப்படி வந்தவள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாள், எதைக் கண்டு பயப்படுகிறாள் என்று கூட்டிவந்தவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் எனக்குச் சொல்வாள். அதை வைத்துத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன். ஜான்சி உன்னைக் கூட்டிவந்தாள். நீ யாரைக் கூட்டிவந்தாய்? ஏரி ஓரத்தில் போனோடு நிற்கிற அந்தக் கூட்டத்தைத்தான்.

இனி எழுதாதே.

ஹஃபீசா

நாவலூர்
10 ஆகஸ்ட், ஞாயிறு

ஹஃபீசா அக்கா,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்கிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவதை அனுப்புகிறேன்.

பத்ரி சாரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சத்தியமாக எனக்கு இது தெரியாது. ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. உங்களுக்குத் தெரியாமலா போட்டேன்? அன்றைக்குத் தூறல் விட்டிருந்தது, நீங்கள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். போனை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். “இன்னொரு தடவ போடு” என்று கேட்டு வாங்கிப் பார்த்து மறுபடி சிரித்தீர்கள். போடட்டுமா அக்கா என்றதற்கு “போடு போடு, மாமி பாத்தா குஷியாயிடுவாங்க” என்றீர்கள். மாமியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. பழி முழுக்க என் தலையில் மட்டும் எப்படி வந்தது?

பின் சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்ரீவத்சனைத்தான் உட்கார வைத்தேன். பெருங்களத்தூரில், பண்டிகைக் கூட்டத்தில். பின்னாலிருந்து “பிரேக்! பிரேக்!” என்று கத்திக்கொண்டே வந்தவர் திடீரென்று இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிட்டார். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காக மூட்டை முடிச்சோடு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து என் பின் சீட்டில் லேப்டாப் பை மட்டும்தான் உட்காருகிறது. உங்களிடம் சொல்ல வெட்கம். ஓர் ஆளைக் கூட்டிவர முடியாதவள் ஊரையே கூட்டிவந்து காட்டுகிறேன் என்று அந்தப் பக்கத்தை ஆரம்பித்தேன். போதுமா?

இப்போது நல்ல செய்தி. நேற்று முழு வீடியோவையும் போட்டுக் கேட்டேன். முதல் வரியோடு நான் வெட்டிவிட்டேன், நீளமாக இருந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை என்று. அதற்கப்புறம் மாமி என்ன சொல்கிறார் தெரியுமா? “பாவம், இப்பல்லாம் பக்கத்துல வர்ற வண்டியே அவருக்குத் தெரியறதில்ல. தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லவும் மாட்டார். நான் கத்துண்டு அவரைப் பின்னாடி உக்காத்தி வெச்சுண்டுட்டேன்னா, அவர் சொல்லவே வேண்டாமோல்லியோ?” அக்கா, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேலி செய்கிற மனைவி இல்லை அவர். இதை முழுசாகப் போட்டால் ஒரே நாளில் எல்லோர் வாயும் மூடிவிடும். பத்ரி சாரைக் கேலி செய்தவர்களே அழுவார்கள். வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், லீவு, எல்லோர் கையிலும் போன் இருக்கும். அன்று காலை போடுகிறேன். எழுத்தெல்லாம் சேர்த்துத் தயாராக வைத்துவிட்டேன்.

பிரியா

சிட்லபாக்கம்
12 ஆகஸ்ட், செவ்வாய்

பிரியா,

போடாதே. மற்றதைப் பிறகு படி. முதலில் இதைப் படி. போடாதே.

ஆமாம், சிரித்தேன். இரண்டு தடவை சிரித்தேன். அதனால்தான் உன் குரலைக் கேட்கப் பிடிக்காமல் நம்பரை அடைத்தேன் என்று வைத்துக்கொள்.

மாமி அதைச் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் நான். நீ வெட்டியது எனக்குப் புதிதில்லை. பத்ரி சாருக்குக் கண்ணில் பிரஷர். ஓரப் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவர் இதை மாமியிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மெசேஜ் தவறிப்போய் மாமியின் போனுக்கு வந்ததில் மாமிக்குத் தெரிந்தது. தனக்குத் தெரியும் என்று மாமியும் காட்டிக்கொள்ளவில்லை. அவராக வாயைத் திறந்து “என்னால முடியல” என்று சொல்லும்படி வைக்கக்கூடாது என்பதுதான் மாமியின் எண்ணமே. அதற்காகத்தான் இந்த வயதில் முழங்கால் வலியோடு என்னிடம் வந்தார். நீ அதை லட்சம் பேருக்குக் காட்டுகிறேன் என்கிறாய். முதுகு சார் என்று சிரித்தவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். அந்த மனுஷனுக்கு எது பெரிய அடி என்று நினைக்கிறாய்?

இன்னொன்றையும் கேள். ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டே வந்தவர், வீடியோ வந்த பிறகு காலையும் மாலையும் வண்டியை எடுக்கிறார். மாமியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார். தன் முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊருக்குக் காட்டுகிறார் போலிருக்கிறது. முந்தாநாள் ஜிஎஸ்டி ரோடுவரை போயிருக்கிறார். மாமி ஏறமாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஏறாவிட்டால் அந்த வீடியோவில் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும்.

நேற்று நான் கேம்ப் ரோடு பக்கம் அவர்கள் பின்னாலேயே போனேன். மாமி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சல்கூட வந்தது, இந்த நேரத்தில் இவ்வளவு பேச்சா என்று. கிட்டே போய்க் கேட்டேன். “அதோ இடது பக்கம் பூ வண்டி நிக்கறது பாருங்கோ, ஒரு முழம் வாங்கிக்கலாமா?” “தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கறானே, யாராத்துக்கு வந்திருக்கு?” “இந்த ஸ்கூல் பஸ் நம்மளத் தாண்டிப் போறதுக்குள்ள என்ன அவசரம் அதுக்கு!” அப்போதுதான் புரிந்தது பிரியா. அது பேச்சு இல்லை. அவருக்குத் தெரியாத பக்கத்தையெல்லாம் மாமி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறார். ஒரு நாள் மாமி தும்மினால் போதும்.

அவர் வீட்டுக்குப் போனேன், இனி வண்டி எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று. “வாங்கோ ஹஃபீசா, என் முதுகு ஃபேமஸ் ஆயிடுத்து, பாத்தேளா?” என்று சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார். டம்ளரை டேபிளின் விளிம்பில் வைத்தார். மாமி பேசாமல் நகர்த்தி வைத்தார். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு வாய் வரவில்லை.

அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஹஃபீசா

நாவலூர்
14 ஆகஸ்ட், வியாழன்

அக்கா,

போடவில்லை. அழித்தும்விட்டேன். ஜான்சி முன்னாலேயே அழித்தேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். சிறுசேரியில் கேட்கிற சத்தத்துக்கும் சிட்லபாக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சாரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறானே, அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவன் அங்கிருந்து போனில் அதட்டுவான், இவர் இன்னும் வேகமாக ஓட்டுவார். அவர்கள் ஸ்கூட்டர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சிரிக்காதீர்கள்.

கடைசியில் ஒன்று தோன்றியது. சார் பின் சீட்டில் உட்கார வேண்டும், ஆனால் முடியாதவராக உட்காரக்கூடாது. அப்படித்தானே? எனக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. அதைப் போக்க வருஷக்கணக்கில் வண்டி ஓட்டிய ஒருத்தர் என் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். இது நாடகம் இல்லை, நிஜமாகவே எனக்கு வேண்டும். நாளைக் காலை வண்டலூர் வழியாக வந்து அவரைக் கேட்கப்போகிறேன். வீடியோவுக்கு மன்னிப்பும் கேட்க வேண்டும், அவரிடமும் மாமியிடமும்.

வேண்டாம் என்றால் தடுத்துவிடுங்கள். ஆனால் தடுக்க வேண்டுமானால் என் நம்பரைத் திறந்தாக வேண்டும்.

பிரியா

நாவலூர்
16 ஆகஸ்ட், சனி

அக்கா,

நம்பரைத் திறக்கவில்லை. தடுக்கவும் இல்லை. சரி, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனபோது சார்தான் கதவைத் திறந்தார். பக்கவாட்டில் நின்ற என்னைப் பார்க்கவில்லை, நேரே தெருவைப் பார்த்து “யாரு?” என்றார். நான் நகர்ந்து எதிரே போய் நின்றேன். “வீடியோ போட்டது நான்தான் சார்” என்றேன். மாமி உள்ளேயிருந்து வந்துவிட்டார். சார் கதவைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம், “நீ போட்டதுகூடப் பெரிசில்லம்மா. இவ அப்படி நெனச்சுண்டிருந்தாளேன்னுதான்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மீதியை நான் சொல்லக்கூடாது, மாமியாலும் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் இப்படி நின்றதில்லை அக்கா. போட வேண்டியதை வெட்டிவிட்டு, வெட்டியதைச் சொல்லவும் முடியாமல்.

பின் சீட்டு விஷயத்தைக் கேட்டேன். “என்னையா? முதுகு சாரையா?” என்றார். ஆமாம் சார், பெருங்களத்தூரில் விழுந்ததிலிருந்து பயம் என்றேன். பெருங்களத்தூரில் எந்த இடம், எந்தப் பக்கம் சாய்ந்தது என்றெல்லாம் விசாரித்தார். முகமே மாறிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சேலையூர் வரை போய்த் திரும்பினோம். பயத்தில் நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். முன்னால் ஸ்பீட் பிரேக்கர் சார், வலதில் ஆட்டோ சார், நாய் சார், என்று. ராஜகீழ்ப்பாக்கம் திருப்பத்தில் சார் சிரித்தார். “நீயும் அவள மாதிரியே பேசறே. அவ பின்னாடி உக்காந்துண்டு சொல்லுவா, நீ முன்னாடி உக்காந்துண்டு சொல்றே” என்றார். வண்டியை ஓரம் கட்டினேன்.

மாமிக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும் அக்கா. முன்பே தெரியும். “பூ வாங்கலாமா, பழம் வாங்கலாமான்னு கேட்டுண்டே வருவா. ஒரு நாளும் வாங்கினதில்ல. அப்பறமாதான் புரிஞ்சுது, என் கண்ணா அவ உக்காந்துண்டிருக்கான்னு” என்றார். அப்புறம் ஏன் சார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். “நான் ஓட்டலன்னா அவ எப்படிப் போவா? பஸ்ஸுல ஏறி நின்னதே கிடையாதே. அதுக்காகத்தான் ஓட்டிண்டிருந்தேன். இந்த வீடியோ வந்தப்பறம் வீம்புக்கு ஓட்டறேன். அது தப்புதான்” என்றார்.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். மாமி ஏன் கற்றுக்கொள்ள வந்தார் என்று அவரிடமே கேளுங்கள் சார், நான் போட்டதில் பாதிதான் இருந்தது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சொன்னது அதிகமா?

பிரியா

சிட்லபாக்கம்
21 ஆகஸ்ட், வியாழன்

பிரியா,

அதிகமா குறைவா என்று எனக்கும் தெரியவில்லை. அவர் வண்டி வெளியே வரவில்லை. வாசலில் உறை போட்டு நிற்கிறது. மாமி நடந்தே மார்க்கெட் போகிறார். என்னைப் பார்த்து நின்றார், ஏதோ சொல்ல வந்தார், “நாளைக்குப் பேசறேன்” என்று போய்விட்டார். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆள் விழுந்து அடிபடவில்லை, அந்த மட்டில் அல்லாஹ்வுக்குப் புகழ்.

கிளாஸை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். ஏரி ஓரத்தில் இல்லை. சானடோரியம் பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு பழைய கம்பெனி முற்றம், நாலு பக்கமும் சுவர். கேட்டில் ஒரு பக்கெட். உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கன்னியம்மா திரும்பிவிட்டாள்.

பத்ரி சாரைக் கூட்டிப்போனதை உன் கணக்கில் சேர்க்கமாட்டேன். அவர் கற்றுக்கொள்ள வந்தவர் இல்லை.

அந்த நம்பருக்கு இன்னும் கூப்பிடுகிறார்களா?

ஹஃபீசா

நாவலூர்
28 ஆகஸ்ட், வியாழன்

அக்கா,

கூப்பிடுகிறார்கள். ஆனால் நான் இப்போது யாருக்கும் நேரே இடம் கொடுப்பதில்லை. எந்தத் தெரு என்று கேட்கிறேன். அந்தத் தெருவிலோ பக்கத்திலோ உங்களிடம் கற்றுக்கொண்ட ஒருத்தி இருந்தால், முதலில் அவளைக் கேட்டுவிட்டு, அவள் சரி என்றால் சேர்த்துவிடுகிறேன். போய்ப் பேசுங்கள், பிடித்திருந்தால் அவர் பின்னால் உட்கார்ந்து வாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் “இதுக்கு இவ்ளோவா?” என்று போய்விடுகிறார்கள். மீதிப் பேர் பின் சீட்டில் ஏறி உங்களிடம் வந்து சேருவார்கள். அந்தப் பக்கத்தில் இப்போது வீடியோ ஒன்றும் இல்லை. இந்த ஒரு விதியை மட்டும் எழுதிவைத்திருக்கிறேன்.

சார் பற்றி ஏதாவது தெரிந்ததா? ஜான்சியைக் கேட்டால் “வண்டி உறை போட்டுத்தான் நிக்குது” என்கிறாள். அதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கிறது, கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. ஓட்டுகிற ஒரு மனிதரை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டேனா? அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதாகவே கனவு வருகிறது.

இன்னொரு கூத்து. நேற்று என் மாமியார் போனை நீட்டினார், யாரோ அனுப்பிய அதே வீடியோ. “பிரியா, இந்த கிளாஸ் எங்க இருக்குன்னு விசாரிச்சுச் சொல்லேன்” என்றார். தெரியாது அம்மா என்று சொல்லிவிட்டு சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

பிரியா

சிட்லபாக்கம்
7 செப்டம்பர், ஞாயிறு

பிரியா,

இன்று காலை நடந்ததை இன்றே எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தோம். கேட்டுக்கு வெளியே ஹாரன். போய்ப் பார்த்தால் வேதா மாமி. பத்ரி சாருடைய அதே ஸ்கூட்டர். மாமி முன்னால், தலையில் ஹெல்மெட், மடிசார் கட்டின மாதிரி புடவையை இழுத்துச் செருகியிருக்கிறார். பின்னால் பத்ரி சார், இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பத்து நாளாகப் பொழுது விடியும் முன்னே எழுந்து அவர்தான் தெருவில் பக்கத்தில் நடந்தபடியே மாமிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தாராம். என் கிளாசுக்கு வராததற்கு அதுதான் காரணம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வாய் சும்மா இருக்கிறதா எனக்கு? “ஆம்பளைங்களுக்கு உள்ள எடம் இல்ல மாமி” என்றேன். “பின் சீட்டுல ஒரு ஆளைக் கூட்டிண்டு வரணும்னுதானே சொன்னேள்? கூட்டிண்டு வந்துட்டேன்” என்றார் மாமி. நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மாமி ஒரு சுற்று சுற்றி வந்து காலை ஊன்றினார். அன்றைக்கு மாதிரியே மூச்சு வாங்கிற்று. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சார் காலால் தரையைத் தேடித் தேடி இறங்கினார். கன்னியம்மா கை கொடுத்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அவர்தான் அந்த முதுகு சார் என்று அவர்களுக்குத் தெரியும். என்ன பேசுவது என்று தெரியாமல் நானே கேட்டுத் தொலைத்தேன், “எப்டி சார் இருந்துச்சு? ரோடெல்லாம் தெரிஞ்சுதா?” என்று. கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் மாமி பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தேதான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ரோடு எங்கே தெரியறது ஹஃபீசா, எனக்குக் கண் போயிண்டிருக்கு. எதிர இவ முதுகுதான் தெரியறது. ஆனா அது நன்னாத் தெரியறது.”

மாமி சாவியை எடுப்பதுபோல் குனிந்துகொண்டார். ரொம்ப நேரம் எடுத்தார். நான் அழுதுவிட்டேன் பிரியா. வெட்கமில்லாமல் அழுதேன்.

யாரும் படம் எடுக்கவில்லை. எல்லார் போனும் பக்கெட்டில் கிடந்தது. இதைப் பார்த்தது நாங்கள் மட்டும்தான். நீ பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதினேன். நீ யாரிடம் சொன்னாலும் வாயால் சொல், அதுவும் சாரையும் மாமியையும் தெரிந்தவர்களிடம் மட்டும்.

உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. போனில் உன்னோடு பேசி நான் என்ன கண்டேன்? அடுத்த ஞாயிறு நேரில் வா. தனியாக வராதே. யோகா கிளாசுக்குப் போகலாம் என்று சொல்லி உன் மாமியாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வா.

ஹஃபீசா அக்கா